வெல்லிங்டன் ஏழையர் இல்லமும் அதன் பண்ணையும்

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் எலோரா என்றோர் ஊர் உண்டு. மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழன்பர்களுக்கு இப்பெயர் வியப்பளிக்கக்கூடும். 1832-ஆம் ஆண்டில் அவ்வூரை நிறுவிய கில்கிஸன் என்பார் தம் சகோதரருடைய கப்பலின் பெயரை அதற்குச் சூட்டினார்; கப்பலின் பெயரோ நம் எல்லோராக் குகைகளிலிருந்து வந்தது. எலோராவுக்கும் அண்டையிலுள்ள பெர்கஸ் என்னும் ஊருக்கும் இடையே, சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. தோற்றத்தால் செல்வர் மாளிகை போன்ற அது, வெல்லிங்டன் கவுண்டியின் ஏழையர் இல்லமாக 1877-இல் திறக்கப்பெற்றது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்றது.

இங்கிலாந்தில் 1601 முதலே ஏழையர் சட்டம் இருந்தது. வறியவரைப் பேணும் பொறுப்பு அந்தந்தப் பகுதியைச் சார்ந்தது. ஆயின், 1792-இல் ஆங்கிலச் சட்டங்களை ஏற்ற மேல் கனடா, இந்த ஒன்றை மட்டும் விலக்கிவிட்டது. காடழித்துக் கழனியாக்கும் புதுநாட்டில் வறுமைக்கு இடமேது என்று எண்ணினர் போலும்! காடழித்த கை தளர்ந்தபின் என்ன நேரும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. ஸ்காத்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கடல் கடந்து வந்தவர்களில் பலருக்கு அங்கே அண்ணனில்லை, தம்பியில்லை, தாய்மாமனில்லை. உடல் தளர்ந்தால் அண்டை வீட்டார் இரக்கமே துணை. அதுவும் இல்லையெனில் சிறைச்சாலை. ஆம், குற்றம் எதுவும் செய்யாத முதியவர்கள், திரிந்தலைந்தார்கள் என்ற பெயரில், குளிர்காலத்தைச் சிறையில் கழித்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இந்த அச்சம் புரியாததன்று.

‘உழைப்பு மற்றும் புகலிட இல்லம்’ என்பது வெல்லிங்டன் இல்லத்தின் முழுப்பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மை இப்பெயர் சற்றே தயங்க வைக்கிறது. புகலிடம் என்றால் கேளாமல் தருவது. உழைப்பு என்றால் விலை கேட்பது. இரண்டையும் ஒரே வாயிற்பலகையில் எழுதினார்கள். உள்ளே வந்தவரைப் பதிவேட்டில் ‘இன்மேட்’ என்று குறித்தார்கள். ஒரே வீட்டில் உடன் உறைபவர் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். ஆயினும் சிறைக்கைதிக்கும் அதுவே பெயர்.

கட்டடத்தைச் சூழ்ந்து 30 ஏக்கர் பண்ணையும் கால்நடைக்குரிய கொட்டிலும் இருந்தன. ஏறத்தாழ 70 பேருக்கும் பணியாளருக்கும் வேண்டிய உணவில் ஒரு பகுதி அங்கேயே விளைந்தது. இயன்றவர் வயலிலும் கொட்டிலிலும் உழைத்தனர். மற்றவர் வீட்டு வேலைகளில் ஈடுபட்டனர். வரி செலுத்தும் குடியானவர்க்குச் சுமை குறையும், சோம்பேறிகள் நாடமாட்டார்கள் என்பன பண்ணைக்குக் கூறிய நியாயங்கள். கணக்கில் ஒரு பிழை இருந்தது. மண்வெட்டி பிடிக்க வலுவுள்ளவன் ஏழையர் இல்லத்தை ஏன் நாடுகிறான்? வந்தவர்கள் பெரும்பாலும் முதியோர், நோயாளிகள், ஊனமுற்றோர். 1892-இல் அங்கு ஒரு மருத்துவமனையையும் கட்ட வேண்டியதாயிற்று, இதில் வியப்பில்லை.

‘தகுதியுள்ள ஏழைகள்’ என்று கருதப்பட்டோரே சேர்க்கப்பெற்றனர். தகுதி யாது என்பதை அளந்தவர் பசித்தவரல்லர் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

1903-இல் ஒண்டாரியோ அரசு, ஒவ்வொரு கவுண்டியும் இத்தகைய இல்லத்தை அமைக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. நிலைமையை மாற்றியது பிறிதொரு சட்டம். 1927-இல் வந்த முதியோர் ஓய்வூதியம், 70 வயது நிறைந்த வறியவருக்கு மாதம் 20 டாலர் வரை அளித்தது. வருவாயைத் துருவி ஆராய்ந்த பின்னரே தந்தார்கள் என்றாலும், கையில் ரொக்கம் இருந்தவர் தம் குடிசையிலேயே இருக்க முடிந்தது. வருவாய் விசாரணையின்றி 70 வயதினர் அனைவர்க்கும் ஓய்வூதியம் 1952-இல் தொடங்கியது.

வெல்லிங்டன் இல்லம் 1947-இல் முதியோர் இல்லமாயிற்று. 1971-இல் அங்கிருந்தோர் வேறு கட்டடத்திற்குச் சென்றனர். 1975 முதல் அது கவுண்டி அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் விளங்குகிறது. ஏழையர் இல்லமாக இருந்த காலத்தில் அங்கே தங்கியவர் ஏறக்குறைய 1,500 பேர். அவர்களுள் 271 பேர் கட்டடத்தின் பின்னாலுள்ள இடுகாட்டில் அடக்கமாகியிருக்கிறார்கள்.