பேராதனையின் மரபும் பட்டதாரியின் எதிர்காலமும்

ஒரு பக்கம் மகாவலி கங்கை. மறுபக்கம் ஹந்தானை மலை. இவ்விரண்டுக்கும் இடையே பரந்து கிடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தை அறியாதார் நம் நாட்டில் இலர். 'பிள்ளை பேராதனைக்கு எடுபட்டுவிட்டான்' என்ற செய்தி வந்ததும் வீட்டார் மட்டுமன்றி அயலவரும் மகிழ்கின்றனர். ஆயினும், சில ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை பட்டம் பெற்று மீளும்போது, 'இனி என்ன உத்தியோகம்?' என்னும் வினா வாயிலிலே காத்து நிற்கின்றது. நேயர்களே, அம்மகிழ்ச்சிக்கும் இவ்வினாவுக்கும் இடையே நிகழ்ந்தது யாது என்பதைச் சற்று நோக்குவோம்.

இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 ஆம் ஆண்டிலே இயக்கம் நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. எனினும் அங்கே பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942 ஜூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார். சுவாமி விபுலாநந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பேராதனையில் எழுந்த வளாகத்துக்குக் கலைப்பீடம் 1952 இல் இடம்பெயர்ந்தது. 1954 இல் திறப்பு விழா நிகழ்ந்தது. அருணாசலத்தின் பெயரை அங்குள்ள மாணவர் விடுதி ஒன்று இன்றும் தாங்கி நிற்கின்றது.

மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தே தங்கி, வகுப்பில் மட்டுமன்றி விடுதியிலும் நூலகத்திலும் விளையாட்டிடத்திலும் கூடிப் பழக வேண்டுமென்பதே ஜெனிங்ஸின் நோக்கம். இந்நோக்கம் சிறு தொகையினருக்கே பொருந்துவது. தொடக்கத்தில் மாணவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. போதனை ஆங்கிலத்திலே நடந்தது. நாடோ சுதந்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சிவில் சேவையும் கல்லூரிகளும் திணைக்களங்களும் பட்டதாரிகளை எதிர்பார்த்திருந்தன. பட்டம் பெற்றால் உயர் பதவி கிட்டும் என்ற நம்பிக்கை அக்காலத்தே வேரூன்றியது.

பின்பு நிலைமை மாறியது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை உயர் வகுப்புகள் வரை கொண்டு சென்றன. 1960 ஆம் ஆண்டளவில் கலைத்துறை மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் பயிலத் தொடங்கினர். இது நீதியான மாற்றமே. அதுவரை கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எட்டாக்கனியாகவே இருந்தது. ஆனால், பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் பதவிகள் பெருகவில்லை. வணிகத் துறையும் ஆங்கிலத்தையே வேண்டி நின்றது. 1971 இல் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டிலே சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் சார்பில் ஆராய்ந்த டட்லி சியர்ஸ் குழு, படித்தோர் எதிர்பார்க்கும் தொழிலும் நாட்டில் உள்ள தொழிலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எடுத்துக்காட்டியது.

இவ்விடத்தே ஒன்றை மறத்தலாகாது. பேராதனையின் புகழ் அதன் பட்டதாரிகள் வகித்த பதவிகளால் மாத்திரம் வந்ததன்று. பேராசிரியர் சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தால் சிங்கள அரங்குக்குப் புது வழி காட்டினார். பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். பேராதனையிற் பயின்ற கைலாசபதி, 1974 இல் தோன்றிய யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். இவர்கள் தாம் கற்றதைத் தம் மக்களின் வாழ்வோடு இணைத்தவர்கள்.

இன்று பேராதனையில் ஒன்பது பீடங்கள் உள்ளன. எல்லாப் பட்டங்களுக்கும் ஒரே விதமான எதிர்காலம் இல்லை. வைத்தியமும் பொறியியலும் குறிப்பிட்ட தொழில் ஒன்றை நோக்கிப் பயிற்றுகின்றன. கலைப் பட்டமோ அவ்வாறு ஒரு தொழிலைச் சுட்டி நிற்பதன்று. அதனைப் பெற்றோருட் பலர் அரசாங்க நியமனத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். தெளிவாக எழுதுதல், சான்றுகளைச் சீர்தூக்குதல், இன்னொரு மொழியிற் கருத்துரைத்தல் என்னும் ஆற்றல்களைக் கலைக்கல்வி அளிக்கவல்லது. இவ்வாற்றல்கள் எத்துறையிலும் பயன்படுவன. ஆயின், பரீட்சைக்குக் குறிப்புகளை மனனம் செய்வதால் அவை வருவதில்லை.

ஆகவே பெற்றோர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் நோக்காது, பிள்ளை எப்பீடத்தில், எம்மொழியில், எத்திறனைப் பயிலப் போகின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இவ்வினாவை முதலாம் ஆண்டிலே எழுப்பினால், விடை தேடுவதற்குக் காலம் உண்டு. பட்டமளிப்பு விழாவுக்குப் பின்னர் எழுப்பினால், அவ்வாண்டுகள் மீளப்போவதில்லை. ஆற்றங்கரையில் அந்நூலகம் இன்றும் திறந்தே இருக்கின்றது. அங்கே செல்லும் மாணவன் அந்த ஆண்டுகளை எவ்வாறு செலவிடுகின்றான் என்பதைப் பொறுத்தே, வாயிலிற் காத்திருக்கும் வினாவுக்கு அவன் கூறப்போகும் விடையும் அமையும்.