வாயுவை நிறுக்கும் கருவி

கடலூர் மாவட்டத்திலே, சேத்தியாத்தோப்புக்கு அண்மையில், வளையமாதேவி என்னும் ஊர் உளது. 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இவ்வூரின் பெயர் பத்திரிகைகளிலெல்லாம் அடிபட்டது. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் விரிவை முன்னிட்டுப் பரவனாற்றை வேறு வழியே திருப்பும்பொருட்டு, நெற்பயிர் நின்ற வயல்களினூடே யந்திரங்கள் கால்வாய் தோண்டின. உழவர் எதிர்த்தனர், வழக்கு உயர் நீதிமன்றத்தை எட்டியது, பயிரிழந்தோர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் ஈடு கொடுக்குமாறு ஆணை பிறந்தது. நிலத்தை ஏக்கராலும் நெல்லை மூட்டையாலும் அளந்து விலை கூற நாம் அறிவோம். ஆயின் அந்நிலத்தினடியிலிருந்து எடுக்கும் பழுப்பு நிலக்கரியை எரிக்குங்கால் உலையிற் புகும் காற்று எவ்வளவு, வெளிப்படும் வாயு எவ்வளவு என்பதை அளப்பது எங்ஙனம்? அதனையே ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்தினர். நெல்லை மரக்காலால் முகந்தனர். பொன்னைத் தராசில் எடுத்தனர். வாயுவை அளக்கப் புகுந்தோர் பெரும்பாலும் முகத்தலளவையையே கைக்கொண்டனர். இத்தனை கன அடி, இத்தனை கன மீட்டர் என்று கணக்கிட்டனர். இதன்கண் ஓர் இடர்ப்பாடு உண்டு. மரக்காலிலிட்ட நெல் நிழலிலும் வெயிலிலும் ஒரே அளவினது. வாயுவோ சூடேறின் விரியும்; அழுத்தினாற் சுருங்கும். 20 பாகை உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.20 கிலோகிராம், 40 பாகையில் அஃது 1.13 கிலோகிராமே. எனவே, மார்கழி விடியலில் முகந்த காற்றையும் கத்திரி வெயிலில் முகந்த காற்றையும் ஒன்றெனக் கொள்வோன், நூற்றுக்கு ஆறு பங்கு தன்னை அறியாமலே இழக்கின்றான்.

நெருப்போ முகந்து உண்பதன்று, நிறுத்து உண்பது. (நிறுத்தல் என்றதும் ஓடுவதைத் தடுத்து நிற்கச் செய்தல் எனக் கொள்ளற்க, எடையிடல் என்க.) ஒரு கிலோகிராம் கரி முற்றும் எரிதற்கு 2.67 கிலோகிராம் பிராணவாயு வேண்டும். அதனைத் தருதற்கு ஏறத்தாழ 11.5 கிலோகிராம் காற்று வேண்டும். காற்றுக் குறையின் கரி பாதி வெந்து நச்சுவாயுவாகப் போகும். மிகின், வேண்டாத காற்றையும் சூடாக்கி அச்சூட்டைப் புகைபோக்கி வழியே வானத்துக்குத் தானம் செய்தவாறாகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையிற் பாதியளவு நீராதலின், வெப்பத்தில் ஒரு பங்கு அந்நீரை ஆவியாக்குவதிலேயே கழிகின்றது. எஞ்சியதை வீணாக்க இடமில்லை.

இனி, ஓடும் வாயுவைத் தராசிலிடாமலே நிறுப்பது எவ்வாறு? கொதிக்கும் காப்பியை ஊதி ஆற்றுதலை அறியாதார் யார்? மெல்ல ஊதின் மெல்ல ஆறும். விசைத்து ஊதின் விரைந்து ஆறும். இவ்வளவே இக்கருவியின் தத்துவம். குழாயினுள்ளே இரு சிறு கோல்களைச் செருகுகின்றனர். இரண்டினுள்ளும் பிளாட்டினக் கம்பி உண்டு. ஒன்று வாயுவின் உஷ்ணத்தை அறிந்து சொல்லும். மற்றொன்றை மின்சாரத்தாற் சூடாக்கி, முன்னதைவிடக் குறித்த சில பாகை மிகுதியாகவே எப்பொழுதும் இருக்குமாறு காக்கின்றனர். வாயு மிகுதியாக ஓடினால் சூடு மிகுதியாகக் கொள்ளை போகும். அதனை ஈடுசெய்ய மின்சாரம் மிகுதியாக வேண்டும். அம்மின்சாரத்தை அளந்தால் வாயுவின் எடை புலப்படும்.

அஃது எடையாவது ஏன், கன அளவாகாதது ஏன் என மாணவர் வினவலாம். சூட்டைக் கவர்ந்து செல்வன வாயுவின் அணுத்திரள்களே. வாயு நெருங்கியிருப்பின் கம்பியைத் தீண்டும் திரள்கள் பல, விரிந்திருப்பின் சில. ஆதலின் கம்பி குளிர்வது வேகத்தை மட்டும் பற்றியதன்று. வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கிய தொகையைப் பற்றியது. அத்தொகையே ஒரு நொடியிற் செல்லும் எடையைக் காட்டுவது. மான்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த கிங் என்பார் 1914-இல் இதன் கணிதத்தை வெளியிட்டார். சூட்டிழப்பு ஓட்டத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகின்றது என்பது அதன் சாரம். இதனால் ஓர் அரிய நன்மை விளைந்தது. ஓட்டம் மிகச் சிறிதாயிருக்கும்போதே கருவி மிகக் கூர்மையாக உணர்கின்றது.

அந்நன்மையைத் தொழிற்சாலைகள் நன்கு பயன்படுத்துகின்றன. அழுத்திய காற்றால் இயங்கும் ஆலையில், யந்திரங்களெல்லாம் ஓய்ந்த நள்ளிரவிலும் குழாயிற் காற்று ஓடுவதாகக் கருவி காட்டின், அவ்வளவும் ஒழுக்கே எனத் துணியலாம். சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் தொட்டிகளில் நுண்ணுயிர்கட்கு ஊட்டும் காற்றையும், உலைகட்குச் செல்லும் இயற்கை வாயுவையும் இவ்வாறே நிறுக்கின்றனர். சுழலும் உறுப்பு ஒன்றும் இதில் இல்லாமையால் தேய்வும் இல்லை.

ஆயினும், விளம்பரத்தாளை மட்டும் படித்து இக்கருவியை எங்கும் பொருத்த முனைவோர் ஏமாறுவர். கருவி அறிவது குளிர்ச்சியை மட்டுமே. குளிர்வித்தது எவ்வாயு என அதற்குத் தெரியாது. ஜலவாயு காற்றைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, கலவை மாறிக்கொண்டேயிருக்கும் வாயுவில் இதன் சொல் நம்பத்தக்கதன்று. நெய்வேலியிலேயே 1960-களில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா உரம் செய்தனர். அவ்வாலை பின்னர் மூடப்பட்டது. அத்தகைய கலப்பு வாயுவை அளக்க வேண்டின், முதலில் அதன் கூறுகளை வேறொரு கருவியால் அறிந்தாலன்றி இக்கருவி உதவாது. ஒரு நீர்த்துளி கம்பியிற் பட்டாலும், அஃது ஆவியாகும்வரை பெருங்காற்று வீசியதாகக் கருவி பொய்யுரைக்கும். சாம்பல் படிந்தாலோ கம்பி போர்வை போர்த்தினாற்போல் சூட்டை இழவாது. உள்ளதைக் குறைத்துக் கூறும். குழாயின் வளைவுக்கு மிக அருகே பொருத்துவதும் தவறு. அங்கே ஓட்டம் சுழித்துச் செல்லும்.

அனல்மின் நிலையத்தில் இதன் தக்க இடம் தூய காற்று புகும் வாயிலே என்பது நம் கருத்து. நீராவியும் சாம்பலும் கலந்த புகைபோக்கியில் இதனை வைப்போர் கவனத்துடன் வைக்கவேண்டும். ஆனால் ஊரார்க்கு வேண்டிய கணக்கு அப்புகைபோக்கியின் கணக்கன்றோ? ஒரு கிலோகிராம் கரி எரிந்தால் 3.67 கிலோகிராம் கரியமிலவாயு ஆகும். எரித்த நிலக்கரியின் எடையையும் அதன் கரிப்பங்கையும் கொண்டு இதனைக் காகிதத்திற் கணக்கிடலாம். கருவியால் நேரே அளந்தும் அறியலாம். வளையமாதேவி உழவர் ஒருவர் இவ்வெண்ணைக் கேட்பாராயின், எண்ணோடு சேர்த்து, கருவியை எப்பொழுது, எவ்வாயுவைக் கொண்டு சரிபார்த்தனர் என்பதையும் கேட்பாராக. காகிதத்து எண்ணும் கருவியின் எண்ணும் ஒவ்வாவிடின், ஒன்றைப் பொய்யென்று தள்ளுமுன், கம்பியிற் படிந்த சாம்பலைத் துடைத்து மறுபடியும் அளந்து பார்த்தல் வேண்டும்.