உங்களுக்குத் தெரியுமா? குழித்தட்டு அடிமூலையில்தான் முதலில் கிழியும்!

செஞ்சி வட்டாரத்தில் கத்தரி, மிளகாய் நாற்று விடும் 98 குழிகள் கொண்ட குழித்தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விளிம்பு விறைப்பாக நிற்கும். குழியின் அடிமூலையோ பொசுக்கென்று உள்வாங்கும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் தாள்தான்.

தட்டைச் செய்யும்போது தாளைச் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். அச்சை முதலில் தொடும் இடம் குளிர்ந்து அப்படியே நின்றுவிடும். மிச்சமிருக்கும் பகுதி மட்டும் நீண்டுகொண்டே போகும். கடைசியாகப் போய்ச் சேரும் அடிமூலைக்கு மிஞ்சுவது மெல்லிய தோல்தான். குழியின் வாய் 4 செ.மீ. சதுரம், ஆழம் 4 செ.மீ., சுவர் செங்குத்து என்றால் 16 சதுர செ.மீ. தாள் 80 சதுர செ.மீ. பரப்பை மூட வேண்டும். 1 மி.மீ. தாள் சராசரியாக 0.2 மி.மீ. ஆகிவிடும்; மூலையில் அதைவிடவும் குறைவு.

தடிமனான தாளைப் போடுவது சோம்பேறி வைத்தியம். விளிம்பில்தான் பிளாஸ்டிக் வீணாகச் சேரும். நல்ல வழி, காற்றை உறிஞ்சுமுன் ஒரு முளையால் தாளை உள்ளே தள்ளி, அடிப்பகுதிக்கும் சரக்கைக் கொண்டு சேர்ப்பது. அந்த முளை சூட்டை எளிதில் கடத்தாத பொருளாக இருப்பது முக்கியம். இல்லையேல் தொட்ட இடத்திலேயே தாள் விறைத்துவிடும். மெலியும் இடத்துக்குச் சூட்டைக் குறைப்பதும், மூலையை வளைவாக்கிச் சுவரைச் சாய்ப்பதும் கைகொடுக்கும். தயிர்க் கப்புக்கும் ஃப்ரிட்ஜின் உட்கூட்டுக்கும் இதே சிக்கல், இதே மருந்து.