பந்தயக் கார் பிரித்த சகோதரர்கள்



"மௌலவி, என்ட ரெண்டு மகன்மாரும் பதினொரு நாளா முகம் குடுத்துக் கதைக்கிறதில்ல. நீங்கதான் ஒரு வழி சொல்லோணும்" என்று ஒரு தாய் வந்து அழுதார். காணிப் பிரச்சினையாக இருக்கும், அல்லது கல்யாணப் பேச்சில் ஏதும் மனக்கசப்பாக இருக்கும் என்று நினைத்தேன். காரணத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

"கார் ரேஸ் மௌலவி! கார் ஓட்டுறவன் கெட்டிக்காரனா, காரைச் செய்தவன் கெட்டிக்காரனா எண்டு துவங்கின கதை."

கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டில் வாழும் குடும்பம் அது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தத் தாய் ஒரு சிறுமி. புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, யுத்தம் முடிந்தபின் பிள்ளைகளுடன் ஊர் திரும்பியவர். கணவர் வபாத்தானதும் மூத்த மகன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, காங்கேசன்துறை வீதியோரம் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். இளையவன் உயர்தரம் படிக்கிறான். அவனுடைய டியூஷன் காசு மூத்தவன் கையால்தான் வருகிறது.

போர்மியுலா 1 என்னும் கார்ப் பந்தயத்தை இருவரும் ஒரே தொலைபேசியில், ஒரே பாயில் இருந்து பார்ப்பார்களாம். ஒரு நாள் வாதம் முற்றியபோது இளையவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்: "கிறீஸ் பூசுறவனுக்கு ரேஸைப் பற்றி என்ன தெரியும்?" மூத்தவன் பதில் பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை.

சகோதரிகளே! இது யாரோ ஒரு வீட்டுக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் அது கிரிக்கெட்டாக இருக்கலாம், காற்பந்தாக இருக்கலாம், அரசியலாகவும் இருக்கலாம். பொருள்தான் வேறு, நோய் ஒன்றுதான்.

இரு தரப்பையும் கேட்டேன்

எனக்குக் கார்ப் பந்தயம் தெரியாது. ஆனால் இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய பாடம். அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரையும் தனித்தனியே அழைத்து, "எனக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்" என்றேன். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டபோது, இந்தப் பிள்ளைகள் வீணாகப் பொழுதுபோக்கவில்லை, ஒரு விஷயத்தை ஆழமாகப் படித்திருக்கிறார்கள் என்பது விளங்கியது.

இளையவன் சொன்னான்: "ஒவ்வொரு அணியிலயும் ரெண்டு பேர் ஓட்டுவாங்க மௌலவி, கார் ஒரே விதம். 2023ஆம் வருஷம் ரெட்புல் அணியில மெக்ஸ் வெர்ஸ்டப்பன் 22 பந்தயத்தில 19ஐ வெண்டார். அதே அணியில ஓடின செர்ஜியோ பெரெஸ் வெண்டது ரெண்டே ரெண்டு. கார்தான் வெல்லுது எண்டால் ரெண்டு பேரும் ஒரே மாதிரி வெண்டிருக்கோணுமே?"

நியாயமான கேள்விதான். மூத்தவனிடம் கேட்டேன்.

"லூயிஸ் ஹமில்டன் ஏழு முறை உலக சாம்பியன் மௌலவி. அதில ஆறு பட்டம் மெர்சிடிஸ் அணியில இருந்து எடுத்தது. அந்த அணி 2014இலிருந்து 2021 வரைக்கும் தொடர்ந்து எட்டு வருஷம் அணிகளுக்கான பட்டத்தை எடுத்தது. 2022இல கார் சரியா அமையல்ல. அந்த வருஷம் ஹமில்டனுக்கு ஒரு வெற்றியும் இல்ல. அதே ஆள், அதே கை. பிறகு என்ன நடந்தது?"

கொஞ்சம் நிறுத்திவிட்டு அவன் தொடர்ந்தான். பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றக் கார் உள்ளே வருமாம். இருபது பேரளவில் சுற்றி நிற்பார்களாம். ஒருவர் தூக்க, ஒருவர் கழற்ற, ஒருவர் பூட்ட, நான்கு டயரும் மாறிவிடும். 2023இல் கட்டார் பந்தயத்தில் மக்லாரன் அணியினர் இதை 1.80 வினாடியில் செய்து முடித்தார்களாம். நாம் ஒருமுறை "பிஸ்மில்லாஹ்" சொல்லும் நேரம்!

"ஒரு நட்டு ஒழுங்கா இறுகாட்டி சாம்பியனும் ரோட்டோரம்தான் மௌலவி. ஆனா அந்த நட்டை இறுக்கினவன்ட பேர் யாருக்கும் தெரியாது."

அப்போது அவனுடைய குரல் உடைந்தது. அவன் பேசியது காரைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஒரே சுற்றில் மாறிய உலகப் பட்டம்

இருவரும் மோதிக்கொண்டது 2021 டிசெம்பர் 12ஆம் திகதி அபூதாபியில் நடந்த பந்தயத்தைப் பற்றி. அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் அது. ஹமில்டனும் வெர்ஸ்டப்பனும் தலா 369.5 புள்ளிகளுடன் சமமாக வந்து நின்றார்கள். மொத்தம் 58 சுற்றுகள். ஹமில்டன் முன்னே போய்க்கொண்டிருந்தார். 53ஆவது சுற்றில் நிக்கலஸ் லட்டிபி என்ற வேறொருவரின் கார் மதிலில் மோதியது. உடனே பாதுகாப்புக் கார் ஒன்று முன்னே வர, எல்லோரும் அதன் பின்னால் மெதுவாக ஊர்ந்தார்கள்.

அந்த இடைவெளியில் வெர்ஸ்டப்பனின் அணி அவரை உள்ளே அழைத்துப் புது டயர் பூட்டியது. உள்ளே வந்தால் முதலிடம் போய்விடும் என்று ஹமில்டனின் அணி அவரைப் பழைய டயரிலேயே விட்டது. பிறகு பந்தய அதிகாரி, இருவருக்கும் நடுவில் நின்ற ஐந்து கார்களை மட்டும் முன்னே போகவிட்டு, கடைசி ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்தார். அந்த ஒரு சுற்றில் வெர்ஸ்டப்பன் முந்தி உலகப் பட்டம் பெற்றார். 2022 மார்ச்சில் சர்வதேசச் சம்மேளனம் வெளியிட்ட அறிக்கை, கார்களை முன்னே விட்ட விஷயத்தில் மனிதத் தவறு நடந்ததென்று கூறியது. முடிவு மட்டும் மாறவில்லை.

இருவரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: "ஓட்டியவரின் திறமை என்கிறாய், அணியின் தந்திரம் என்கிறாய். லட்டிபி என்பவர் மதிலில் மோதாவிட்டால்?" இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

கோயம்புத்தூர்க்காரரின் நான்காம் இடம்

நம் தமிழ் பேசும் மண்ணிலிருந்தும் ஒருவர் இந்தப் பந்தயத்துக்குப் போனார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து, போர்மியுலா 1இல் ஓடிய முதல் இந்தியரானார். அந்த அணியின் கார் வேகம் குறைந்தது. பின்வரிசையில் ஓடுவதே வழக்கம்.

2005 ஜூன் 19ஆம் திகதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு பந்தயம். மிஷலின் நிறுவனத்தின் டயர்கள் அந்தத் தடத்தின் சாய்வான வளைவுக்குப் பாதுகாப்பில்லை என்று தெரியவந்தது. அந்த டயர் பூட்டிய 14 கார்களும் ஆரம்பிக்கும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. மிஞ்சிய ஆறு கார்களே ஓடின. ஷூமாக்கர் முதலாவதாக வந்தார். நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

"ஆறு கார் ஓடினால் நான்காம் இடம் பெரிய காரியமா?" என்பார் ஒருவர். "ஓடி முடித்தாரே, அது காரியமில்லையா?" என்பார் மற்றவர். இந்த வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் பாருங்கள்: வேறு நாட்களில் எவ்வளவு திறமையாக ஓட்டியும் கிடைக்காத புள்ளி, யாரோ செய்த டயரின் குறையால் அன்று கிடைத்தது. முயற்சி நம்முடையது, முடிவு ரப்புடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடவேண்டுமா?

மதீனாவில் ஓடிய ஒட்டகம்

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் பந்தயத்தை வெறுத்தவர்கள் அல்லர். பழக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் விதா வரை நீண்ட தூரமும், பழக்காத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரமும் வைத்து ஓடவிட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. குதிரையின் ஆற்றலுக்கேற்பத் தூரத்தைப் பிரித்த நீதியைக் கவனியுங்கள்! அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு தாமே ஓட்டப் பந்தயம் ஓடி, ஒருமுறை தோற்று, பிற்காலத்தில் ஒருமுறை வென்று, இது அதற்குச் சரியாகிவிட்டது என்று சிரித்துப் பேசிய செய்தி அபூதாவூதில் உள்ளது. தோல்வியும் வெற்றியும் அந்த வீட்டில் அன்பைக் கூட்டின.

நபியவர்களின் அள்பா என்ற பெண் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் ஒரு கிராமத்து அரபியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. ஸஹாபாக்களுக்குத் தாங்க முடியவில்லை. அதைக் கண்ட நபியவர்கள், இவ்வுலகில் உயரும் எதையும் ஒரு நாள் தாழ்த்துவதை அல்லாஹ் தன் நியதியாக வைத்திருக்கிறான் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். தம் ஒட்டகத்தின் தோல்விக்கு அவர்கள் காரணமும் தேடவில்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை.

தந்திரம் எதுவரை?

அணிக்காக எதையும் செய்யலாமா என்று இளையவன் கேட்டான். அவனே ஒரு சம்பவத்தையும் சொன்னான். 2008இல் சிங்கப்பூர் பந்தயத்தில் ரெனோல்ட் அணியின் நெல்சன் பிக்கே என்ற இளைஞர் தன் காரை மதிலில் மோதினார். அதனால் உண்டான தாமதத்தில் அதே அணியின் அலொன்சோ முன்னுக்கு வந்து வென்றார். மேலிடம் சொல்லித்தான் வேண்டுமென்றே மோதியதாக மறு ஆண்டு அந்த இளைஞரே வெளிப்படுத்தினார்.

எனக்கு உடனே ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. ஒரு படைத்தலைவர் கோபத்தில் நெருப்பு மூட்டி, அதில் இறங்கும்படி தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். செய்தி கேட்ட நபியவர்கள், அவர்கள் இறங்கியிருந்தால் அதிலிருந்து மீண்டிருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் என்பது நன்மையில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். தலைவர் சொன்னாலும், முதலாளி சொன்னாலும், கூட்டாளி சொன்னாலும், தவறு தவறுதான். இதை உங்கள் பிள்ளைகளுக்குப் பந்தயக் கதையிலிருந்தே சொல்லிக் கொடுக்கலாம்.

தாய்மார் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் பந்தயம் பார்ப்பதையே ஹராம் என்று கத்தித் தடுத்தால் அவர்கள் ஒளித்துப் பார்ப்பார்கள். எல்லையைக் காட்டுங்கள்.

ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி ஞாயிறு மாலை ஆறரை மணிக்குத் தொடங்குகின்றன. அது மஃரிப் வேளை! தொழுதுவிட்டுப் பார்த்தால் சில சுற்றுகள் தவறும். தொழுகை தவறினால் நஷ்டம் எவ்வளவு?

யார் வெல்வார் என்று நூறு ரூபாய் கட்டினாலும் அது சூதுதான். மதுவாலும் சூதாலும் ஷைத்தான் உங்களிடையே பகையை உண்டாக்குகிறான் என்று அல்குர்ஆன் ஐந்தாவது அத்தியாயத்தில் எச்சரிக்கிறது.

வேகத்தைத் திரையில் ரசிக்கும் மகன் வீதியில் மோட்டார் சைக்கிளில் அதைச் செய்து பார்க்காமல் கவனித்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் பார்வையாளர்கள்மேல் பாய்ந்து ஏழு உயிர்கள் போயின. பயிற்சி பெற்றவர்கள் ஓட்டிய இடத்திலேயே இந்த நிலை.

வாதம் செய்யட்டும், அறிவு வளரும். ஆனால் ஆளை இழிவாகப் பேசிய கணத்தில் அது வாதமாக இருப்பதில்லை. நம் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் யூனுஸ் என்ற மாணவரோடு ஒரு விஷயத்தில் கடுமையாக வாதிட்டுப் பிரிந்தார்கள். பிறகு சந்தித்தபோது அவருடைய கையைப் பிடித்து, ஒரு விஷயத்தில் கருத்து ஒத்துப்போகாவிட்டாலும் நாம் சகோதரர்களாக இருக்கலாமே என்ற பொருளில் கூறினார்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகாது. முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நபிமொழி. அந்த வீட்டில் பதினொரு நாட்கள்!

இரும்பும் கிறீஸும்

இளையவனிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "தாவூத் நபி (அலை) அரசர். ஆனாலும் தம் கையால் உழைத்தே சாப்பிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். அவர்கள் கவசம் செய்தார்கள். உன் நானாவும் இரும்போடுதான் வேலை செய்கிறான். நீ பரீட்சையில் முதலாவதாக வந்தால் உன் பெயர்தான் பத்திரிகையில் வரும். நட்டை இறுக்கியவன் யார் என்று நீயாவது தெரிந்து வைத்திரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தாயிடம், "நாளைக்கு மூத்தவருடைய பகல் சாப்பாட்டை இளையவன் கையில் கொடுத்து அனுப்புங்கள்" என்றேன். வேறு வைத்தியம் எதுவும் நான் சொல்லவில்லை.

மறுநாள் மஃரிபுக்குப் பின் அந்தத் தாய் தொலைபேசியில் பேசினார். "மௌலவி, சோறு குடுக்கப் போனவன் பின்னேரம்தான் வந்தான். ஸ்கூல் சேட்டெல்லாம் கிறீஸ். துவைச்சும் போகுதில்ல."

அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று அவர் குரலில் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் முன்னே தெரிபவர் ஒருவர் இருப்பார். பின்னே நின்று உழைப்பவர் ஒருவர் இருப்பார். பல வீடுகளில் அந்த இரண்டாமவர் நீங்கள்தான். மனிதர் மறந்தாலும், அணுவளவு நன்மையையும் அல்லாஹ் மறப்பதில்லை. உறவைத் துண்டிக்கும் வார்த்தையிலிருந்து நம் நாவுகளையும் நம் பிள்ளைகளின் நாவுகளையும் அவன் காப்பானாக! ஆமீன்.