தீமிதிக்கு மறுநாள்

ஆடி பிறந்துவிட்டால் சென்னையை அடுத்த திருவேற்காடு, நூம்பல் வட்டாரமெங்கும் மஞ்சள் உடைதான். கருமாரியம்மன் கோயிலுக்கு வேப்பிலையோடு நடந்து போகிறவர்கள் ஒருபுறம். தெருக்கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பவர்கள் மறுபுறம். பந்தல் போடவும் வசூலுக்குப் போகவும் கூழ் அண்டாவைத் தூக்கி வைக்கவும் ஊர்ப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். காப்பு அவிழ்த்த பிறகு அந்தப் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையில் என்ன மிஞ்சுகிறது? கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதையொத்த கேள்விகளைத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சோதித்து வருகிறார்கள்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிகே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. நெருப்பில் இறங்குபவர்களுக்கும், நின்று பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய போக்கிலேயே, சும்மா நின்றுகொண்டிருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருந்தது. அறிமுகமில்லாத பார்வையாளர்களிடம் இந்த ஒற்றுமை இல்லை. அண்ணன் பூக்குழியில் கால் வைக்கும்போது ஓரத்தில் நிற்கும் தங்கைக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது வெறும் பேச்சு வழக்கன்று. கருவியில் பதிவாகக்கூடிய உண்மை.

அடுத்தது மனம். அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) மாக மேளாவில் ஒரு மாதம் கங்கைக் கரையில் தங்கி, கடுங்குளிரில் நீராடும் கல்பவாசிகளை இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். மேளாவுக்குப் போன 416 பேரையும், போகாத 127 பேரையும் மேளாவுக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் விசாரித்தார்கள். குளிர், நெரிசல், ஓயாத ஒலிபெருக்கி எல்லாவற்றையும் தாங்கித் திரும்பியவர்கள், போகாதவர்களைவிட நலமாக உணர்ந்தார்கள் என்று 2012இல் வெளியான கட்டுரை சொல்கிறது. அதே குழுவின் இன்னொரு சோதனை இன்னும் வியப்பானது. இன்னதென்று பிடிபடாத ஓர் இரைச்சலை ஒலிக்கவிட்டு, மேளாவின் சத்தம் என்று சிலரிடமும் நகரத் தெருவின் சத்தம் என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். மேளா என்று நம்பியவர்களுக்கு அதே இரைச்சல் இனிமையாகப் பட்டது. அதிக நேரம் கேட்டார்கள். கூட்டத்தை ‘நம் கூட்டம்’ என்று நினைத்துவிட்டால் காதுகூட வேறாகக் கேட்கிறது.

கல்பவாசிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். கிராமத்து இளைஞர்களின் அன்றாடத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. எலினார் பவர் என்ற மானுடவியலாளர் இங்கே இரண்டு கிராமங்களில் தங்கி, கைமாற்று வாங்க யாரிடம் போவீர்கள், யோசனை கேட்க யாரைத் தேடுவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, ஊரின் உதவி வலையை வரைந்தார். தவறாமல் கும்பிடுகிறவர்களுக்கும், ஊரறிய நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களுக்கும் அந்த வலையில் உறவுகள் கூடுதலாக இருந்தன. விரதம் காத்துத் தீ மிதிப்பவரை, சொன்ன சொல் தவறாதவர் என்று ஊர் எடைபோடுகிறது. அந்த நம்பிக்கை மறுநாள் கைமாற்றாகவும் யோசனையாகவும் திரும்பி வருகிறது.

2018இல் அவர் இன்னொன்றையும் காட்டினார். மாதந்தோறும் உள்ளூர்க் கோயிலில் சேர்ந்து வழிபடுகிறவர்களிடையே ஒருவருக்கொருவர் உதவும் உறவு இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆக, ஆண்டுக்கொரு முறை பொங்கும் உற்சாகம் மட்டுமல்ல, அடிக்கடி கூடுவதும் உறவோடு சேர்ந்தே வருகிறது. வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த பையனுக்கு ஒவ்வொரு வாசலிலும் இருப்பவர் யார், என்ன தொழில் என்று தெரிந்துவிடுகிறது. ரத்தம் தேவைப்படும் இரவில், வேலை தேடும் மாதத்தில், அவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்ற தயக்கம் குறைவு.

இந்த வலைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. உள்ளே இருப்பவர்களை நெருக்கும் அதே வேளையில் வெளியே இருப்பவர்களை இன்னும் தள்ளி வைக்கும். தலித் மக்கள் வாழும் காலனி வரை வராமல் திரும்பும் சாமி ஊர்வலங்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அந்தத் தெருப் பிள்ளை இழப்பது ஒருநாள் தரிசனத்தை மட்டுமல்ல. ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டிய கைமாற்றையும் யோசனையையும் சிபாரிசையும்.

நூம்பல் போன்ற புறநகர் ஊர்களில் ஆண்டுதோறும் புதியவர்கள் குடியேறுகிறார்கள். பழைய குடும்பத்துப் பையனும் அடுக்குமாடிக்கு வந்த பெண்ணும் காலனிப் பிள்ளையும் ஒரே அண்டாவைப் பிடித்து இறக்கட்டும். அடுத்த ஆடி விழாவுக்கு வேலை பிரிக்கும் பெரியவர்கள் பட்டியலில் அந்த மூன்று பெயர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.