பொய்க்கரியும் பூதமும்: தமிழ்ப் புனைவில் அமானுட விசாரணை – காவிரிப்படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பேய், சூனியம், தெய்வக் குற்றம் எனச் சொல்லப்படும் நிகழ்வுகளைத் துப்பறியும் பாத்திரம் இன்றைய நகர்சார் மிகுபுனைவின் மையமாக விளங்குகிறது. இவ்வகைமை மேலைநாட்டு இறக்குமதி என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. புகார் நகரத்துப் பூதசதுக்கம் முதல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் சாமியார் வரையிலான சான்றுகளைக் கொண்டு, தமிழில் அமானுட விசாரணைக்குத் தனித்ததொரு மரபு உண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ‘எந்த ஆவி செய்தது?’ என்பதைக் காட்டிலும் ‘யார் பொய் சொன்னது?’ என்பதே இம்மரபின் அடிப்படை வினா என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பூதசதுக்கம், பொய்க்கரி, வெறியாட்டு, திகம்பர சாமியார், நகர்சார் மிகுபுனைவு.

முன்னுரை

ஆங்கிலத்தில் அமானுடத்தைத் துப்பறியும் நாயகர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அல்ஜெர்னான் பிளாக்வுட் 1908இல் படைத்த ஜான் சைலன்ஸ் என்னும் மருத்துவர் அவர்களுள் முன்னவர். 2000இல் வெளிவரத் தொடங்கிய ஜிம் பட்சரின் ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ நாவல் வரிசையில், சிகாகோ நகரில் அலுவலகம் வைத்திருக்கும் மந்திரவாதி ஒருவர் காவல்துறைக்குத் துணைநின்று கொலைகளைத் துலக்குகிறார். இத்தகைய புனைவுகளில் மாயம் மெய்யானது என்பது முதலிலேயே ஏற்கப்பட்டுவிடுகிறது. அதன் விதிகளை அறிந்தவரே குற்றத்தை அறிகிறார்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்ப்போருக்குத் தமிழில் இவ்வகைமை அரிதாகவும் பிற்பட்டதாகவும் தோன்றக்கூடும். ஆனால் பெருநகரம், அமானுட ஆற்றல், குற்றம், விசாரணை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த பகுதிகள் தமிழ்க் காப்பியங்களிலேயே உள்ளன. அவற்றின் களம் காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரமாகும்.

புகாரின் பூதமும் பாவையும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை புகாரில் இருந்த ஐவகை மன்றங்களைக் குறிப்பிடுகிறது. வெள்ளிடை மன்றம், களவாடியவரைத் திருடிய பொருளைத் தலையில் சுமந்தபடி சுற்றிச் சுற்றி வரச் செய்கிறது. பாவை மன்றத்துப் பாவை, அரசனின் முறை கோடும்போது வாய்பேசாது கண்ணீர் உகுக்கிறது. பூதசதுக்கத்துப் பூதம் பொய்த்தவம் பூண்டோர், கற்பு நெறி பிறழ்ந்து ஒழுகும் பெண்டிர், அரசனுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சர், பிறன்மனை விழைவோர், பொய்க்கரி உரைப்போர், புறங்கூறுவோர் ஆகியோரைப் பாசத்தால் பிணித்து உண்கிறது. இப்பட்டியலில் உள்ள அறுவகைக் குற்றங்களும் மறைவில் நிகழ்பவை. அரசனின் காவலர் கண்ணுக்கு எளிதில் புலப்படாதவை. மனிதச் சான்று எட்டாத இடத்தில் நகரத்தின் விசாரணை அமைப்பாகப் பூதம் நிறுத்தப்பட்டுள்ளது.

இவ்வமைப்பு செயற்படும் முறையை மணிமேகலையின் சிறைசெய் காதை இரு வழக்குகளின் வழி காட்டுகிறது. அரசன் ககந்தனின் மகனால் இழிவுக்குள்ளான மருதி, அரண்மனைக்குச் செல்லாது பூதசதுக்கத்தில் சென்று முறையிடுகிறாள். பூதம் அவளது ஒழுகலாற்றிலும் ஒரு குறையைச் சுட்டுகிறது. ஆயினும் ஏழு நாளுக்குள் அரசன் தண்டிக்காவிடில் தானே தண்டிப்பதாக உறுதி அளிக்கிறது. ககந்தன் தன் மகனைத் தானே ஒறுக்கிறான். மற்றொருத்தி விசாகை. மாமன் மகனோடு அவளை இணைத்து ஊர் அலர் தூற்றியபோது, தூணில் அமைந்த கந்திற்பாவையிடம் சென்று நிற்கிறாள். பாவை ஊரறிய அவளது குற்றமின்மையை உரைக்கிறது.

இரு வழக்குகளிலும் பெண் முறையீட்டாளராக நிற்கிறாள். தெய்வ ஆற்றல் அவள் உடலைப் பற்றுவதில்லை. அவள் சொல்லைக் கேட்கிறது. பெண் தெய்வத்தால் பிடிக்கப்படுபவளாக வரும் பிற்காலக் கதைகளோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பூதம் இல்லாத நகரம்

அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கூறும் செய்தி இதன் தொடர்ச்சியாகும். கற்புடைய பெண்ணொருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் பொய்க்கரி உரைத்த ஒருவனைப் பூதம் பற்றியது. அவனுடைய தாயின் துயர் கண்டு இரங்கிய கோவலன், தன்னுயிரைக் கொண்டு அவனுயிரை விடுமாறு வேண்டினான். பூதம் அதற்கு இணங்கவில்லை. பின்னர் அக்குடும்பத்தைக் கோவலன் பேணினான்.

இச்செய்தி சொல்லப்படும் இடமே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. கோவலன் மதுரையின் புறஞ்சேரியில் இருக்கிறான். சிறிது காலத்தில் பொற்கொல்லனின் பொய்யுரையால் அவன் கொலையுண்ணப் போகிறான். பொய்க்கரியாளனுக்காகத் தன்னுயிரைத் தர முன்வந்தவன் பொய்க்கரியாலேயே மடிகிறான். மதுரையில் பொற்கொல்லனைப் பிணிக்கச் சதுக்கப் பூதம் எதுவும் வரவில்லை. ஆகவே விசாரணை கண்ணகியின் கைக்கு வருகிறது. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பதை அவையில் உடைத்துக் காட்டுவது பொருட்சான்றை முன்வைக்கும் செயலாகும். தீ நகரை எரிக்கும் அமானுட நிகழ்வு வழக்கு வென்ற பின்னரே இடம்பெறுகிறது. சான்று முன்னும் அற்புதம் பின்னுமாக அமைந்த இவ்வரிசைமுறை இம்மரபை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

வெறியாட்டு: பிழைபட்ட நோய்நாடல்

மருதநிலப் பெருநகருக்கு அப்பால், குறிஞ்சித் திணைப் பாடல்களில் அமானுட விசாரணையின் மற்றொரு வடிவம் காணப்படுகிறது. தலைவியின் மெலிவு கண்ட தாய் கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள். முறத்தில் பரப்பிய நெல்லைக் கொண்டும் கழங்கைக் கொண்டும் காரணம் ஆராயப்படுகிறது. முருகன் அணங்கினான் என்ற முடிவு எட்டப்பட்டு வெறியாட்டு நிகழ்கிறது. மெலிவுக்குக் காரணம் காதல் என்பதைத் தோழியும் கேட்போரும் முன்பே அறிவர்.

ஐங்குறுநூற்றின் வெறிப்பத்து முழுவதும் இந்த முரணின்மீதே அமைந்துள்ளது. நற்றிணை 34ஆம் பாடலில் தோழி ஒருபடி மேலே சென்று, இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் எனக் கடிகிறாள். இங்குத் தெய்வம் மறுக்கப்படவில்லை. தெய்வத்தின் பெயரால் எட்டப்பட்ட முடிவே மறுக்கப்படுகிறது. அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் தோழியே உண்மையான விசாரணையாளராகிறாள். அவள் கருவி தலைவியின் வாழ்வைப் பற்றிய நெருங்கிய அறிவு மட்டுமே.

வழக்கறிஞர்களின் ஊரில் ஒரு சாமியார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப்படுகை நீதிமன்றங்களாலும் நில வழக்குகளாலும் பெயர்பெற்ற பகுதியாயிற்று. மன்னார்குடியை அடுத்த வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் (1880–1942) இச்சூழலிலிருந்து எழுதியவர். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களும் அவ்வூர்களின் மிராசுதார்கள், வக்கீல்கள், அதிகாரிகள் முதலியோரும் அவர் நாவல்களில் இடம்பெறுகின்றனர். ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலில் சட்டத்தை அறிந்த வக்கீலே குற்றத்தின் மையமாகிறார். அவரை வெளிப்படுத்துபவர் திகம்பர சாமியார். அவர் கதையை மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில் 1950இல் திரைப்படமாக்கியபோது எம்.என். நம்பியார் சாமியாராக நடித்துப் பல வேடங்களில் தோன்றினார்.

துறவியைத் துப்பறிவாளராக்கியது வடுவூராரின் குறிப்பிடத்தக்க தேர்வு. வாசகர் சாமியாரிடம் எதிர்பார்ப்பது மந்திர ஆற்றல். அவர் கையாளுவது மாறுவேடமும் சூழ்ச்சியும் ஆகும். நாட்டார் வழக்கில் மந்திரவாதிக்கு உரிய மதிப்பு அவருடைய தோற்றத்தில் தங்கியிருக்க, முறைமை முழுதும் பகுத்தறிவின்பாற்பட்டதாகிறது. நீதிமன்றத்தின் சான்றுமுறையை நன்கறிந்த ஒரு வக்கீல் அதனை வளைக்கும்போது, அதற்கு வெளியேயிருந்து வருபவர் தேவைப்படுகிறார். மறைவுக் குற்றங்களைப் பிணித்த புகாரின் பூதம் வகித்த இடத்தில் இப்போது சாமியார் நிற்கிறார். பூதசதுக்கத்தின் பட்டியலில் முதலில் வருபவர் பொய்த்தவம் பூண்டோர் என்பதை நோக்க, தவக்கோலத்தையே மெய்காணும் வேடமாக்கிய இத்தேர்வின் நயம் புலனாகும்.

பிற்காலப் புனைவுகள்

1980களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் தொடராக வந்த சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலில் விசாரணை மீண்டும் வழக்கறிஞர்களிடம் வருகிறது. சொத்துரிமை பெறவிருக்கும் இளம்பெண்ணைச் சூழ்ந்து பேயுருவம் தோன்றுகிறது. அறிவியல் விளக்கத்தைத் தேடும் கணேஷும் அமானுடத்தை ஏற்க முற்படும் வசந்தும் ஒரே விசாரணையின் இரு குரல்களாகின்றனர். இக்கதையின் அச்சம் பேயைச் சார்ந்தது; அதன் முடிச்சு வாரிசுரிமையைச் சார்ந்தது.

இந்திரா சௌந்தர்ராஜனின் (1958–2024) ‘விட்டுவிடு கருப்பா’ நாவல், நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ எனத் தொலைக்காட்சித் தொடராயிற்று. தவறிழைப்போரைத் தண்டிக்கும் காவல்தெய்வமாகக் கருப்பு அஞ்சப்படுகிறான். பாசக்கயிற்றோடு நின்ற சதுக்கப் பூதத்தின் கிராமிய வடிவமாக இவனைக் கொள்ளலாம். தண்டித்தவை மனிதக் கைகள் என்பதும், அதன் பின்னணியில் பன்முக ஆளுமைக் கோளாறு உள்ளது என்பதும் விசாரணையில் வெளிப்படுகின்றன. வேலன் தவறிய நோய்நாடலை இங்கு மருத்துவம் ஏற்கிறது.

நோய்நாடலின் விலை

புனைவில் பிழைபட்ட நோய்நாடல் நகைப்புக்கு உரியது. வாழ்வில் அதன் விலை பெரிது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏற்பட்ட தீயில் 28 மனநோயாளிகள் இறந்தனர். பேய்பிடி என்ற நம்பிக்கையால் வழிபாட்டிடத்தை நாடி அழைத்துவரப்பட்டு, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த அவர்களால் தப்பி ஓட இயலவில்லை. நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

காவிரிக் கரையில் இதற்கு மாற்றான நடைமுறையும் உண்டு. மனநோய் தீர மக்கள் ஒரு மண்டலம் தங்கி வழிபடும் குணசீலத்தில், கோயிலை ஒட்டிய மறுவாழ்வு மையத்தில் மருத்துவமும் இடம்பெறுகிறது. சூனியம் அகல வேண்டித் திருபுவனம் சரபேசுவரரையும் ஐவர்பாடி பிரத்தியங்கிராவையும் நாடுவோர் இன்றும் பலர். நம்பிக்கை தொடர்கிறது. அந்நம்பிக்கையின் பெயரால் ஒருவர்மீது சொல்லப்படும் கூற்றை யார் சரிபார்ப்பது என்பதே எஞ்சும் வினா. தோழி முருகனிடம் எழுப்பிய வினாவும் அதுவே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பெருநகரமும் அமானுட விசாரணையும் இணைந்த புனைவு, காவிரிப்படுகையின் புகாரை மையமிட்ட காப்பியங்களிலேயே காணக்கிடைக்கிறது.

2. பூதம், தோழி, கண்ணகி, சாமியார், வழக்கறிஞர், மருத்துவர் என விசாரணையாளர் மாறினாலும், பொய்யுரையையும் பிழைபட்ட கூற்றையும் வெளிப்படுத்துவதே அவர்தம் பணியாகத் தொடர்கிறது.

3. தெய்வ இருப்பை மறுக்காமலேயே தெய்வத்தின் பெயரால் சொல்லப்பட்ட முடிவை மறுக்கும் இடம் இம்மரபில் தொடக்கம் முதல் உள்ளது.

4. மருதியும் விசாகையும் முறையீட்டாளர்களாக நின்ற நிலை, பிற்காலப் பேய்க்கதைகளில் பெண் பாதிக்கப்பட்ட உடலாகச் சுருங்குவதை மதிப்பிட உரிய அளவுகோலைத் தருகிறது.

இன்று எழுதப்படும் தமிழ் மிகுபுனைவுகளை மேலைநாட்டு வகைமையோடு மட்டும் ஒப்பிடுவது போதாது. அப்புனைவுகளில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தன் சொல்லை முன்வைக்க ஒரு சதுக்கம் உள்ளதா என்று வினவுவது, இம்மரபுக்குள் நின்று அவற்றை மதிப்பிடும் வழியாக அமையும்.