தனியொருவர் மேடையில் ஆண்டையும் பண்ணையாளும்
(கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் கதை)

கதாகாலட்சேபம் என்றவுடன், ஏகாதசி இரவில் முதியோர் கூடியிருந்து கேட்கும் புராணப் பொழுதுபோக்கு என்று இன்றைய இளைஞர் பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் முழுவதும் பிழை என்று நாம் வாதிக்க வரவில்லை. ஆயினும், நிலமுடையவனுக்கும் அந்நிலத்தில் உழைப்பவனுக்கும் இடையேயுள்ள வழக்கை, நிலமுடையவர்கள் முன்னிலையிலேயே ஒரு கவிஞர் தனியாக நின்று எடுத்துரைத்ததும் இந்த மேடையில்தான் நிகழ்ந்தது. அந்தக் கவிஞர் கோபாலகிருஷ்ண பாரதியார். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியாருக்கு முற்பட்டவர், 19-ஆம் நூற்றாண்டினர், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயூரத்துக்கு அருகிலுள்ள ஆனைதாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர். மணம் செய்துகொள்ளாதவர். வடநாட்டு இசையையும் தென்னாட்டு இசையையும் கற்றவர். நெசவாளரும் விவசாயிகளுமாகிய நம் அங்கத்தினர்கள் அவரைப் பற்றி அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

முதலில் அந்த மேடை எத்தகையது என்பதைச் சொல்லிவிடுவோம். நாடகமாயின் ராஜாவுக்கு ஒருவர், மந்திரிக்கு ஒருவர் எனப் பலர் வேண்டும். திரையும் உடையும் வேண்டும். காலட்சேபத்திற்கு இவை ஒன்றும் வேண்டியதில்லை. கதை சொல்பவர் ஒருவரே. அவர் கையில் சிப்ளாக்கட்டை இருக்கும். பின்னால் மிருதங்கமும் சுருதிக்கு ஒரு கருவியும், உடன் பாட ஒருவரோ இருவரோ இருப்பர். கதையைச் சிறிது தூரம் வசனமாக நடத்திச் செல்வார். உணர்ச்சி மிகும் இடம் வந்ததும் விருத்தமாகப் பாடுவார். பின் தாளத்துடன் கீர்த்தனையைத் தொடங்குவார். கேட்போர் உருகியிருக்கும்போதே நிறுத்தி, மீண்டும் பேச்சுக்கு வருவார். இருவர் வாதாடும் காட்சியானால் இருவரும் அவரே. தோளில் அங்கவஸ்திரம் கிடக்கையில் மிராசுதார். அதையே இடுப்பில் சுற்றிக்கொண்டு கைகட்டிக் குனிந்தால் பண்ணையாள். குரலும் அப்படியே மாறும்.

மராத்தியக் கீர்த்தனக்காரர்களின் முறையைத் தமிழோடு கலந்து இக்கலைக்கு இன்றைய உருவத்தை நிலைபெறச் செய்தவர் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் என்பர். அது பாரதியாருக்குப் பிற்பட்ட தலைமுறை. பாகவதர்கள் பெரும்பாலோர் பிறர் இயற்றிய பாடல்களைக் கொண்டு கதை நடத்தினர். பாரதியாரோ பாட்டும் வசனமும் தாமே இயற்றி, தாமே பாடி, தாமே நடித்தவர். இயற்பகை நாயனார், திருநீலகண்டர், காரைக்கால் அம்மையார் ஆகியோர் கதைகளையும் அவர் கீர்த்தனைகளாகச் செய்துள்ளார். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது நந்தனார் சரித்திரமே.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நந்தனார் கதைக்கு மூலம் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரிய புராணம். அதில் வரும் திருநாளைப்போவார் ஆதனூரில் தமக்குரிய மானிய நிலத்தின் வருவாயைக் கொண்டு வாழ்ந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர். தாம் கொடுத்த தோலில் எழும் ஓசையைக் கோயில் மதிலுக்கு வெளியே நின்றுதான் அவர் கேட்க முடியும். சுவாமிக்குச் சாத்தும் பட்டைத் தம் தறியில் நெய்து கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புகிறவனின் நிலையை எண்ணிப் பார்த்தால் நெசவாள அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். காலட்சேப மேடையில் ஒலிக்கும் மிருதங்கமும் தோல் பதனிடுவோர் கைப்பட்டு வந்ததுதானே! ஆனால் சேக்கிழார் கதையில் ஆண்டை என்று ஒருவரும் இல்லை. வேலை வாங்குபவரும் இல்லை. போக உத்தரவு கேட்டு நிற்கும் காட்சியும் இல்லை.

பாரதியார் கதையில் நந்தன் பண்ணையாள். அவனுக்கு மேலே ஒரு வேதியர், நிலச்சுவான்தார். தில்லைக்குச் சென்று நடராஜரைத் தரிசிக்க உத்தரவு வேண்டுமென்று நந்தன் அவரிடம் கெஞ்சுகிறான். அவர் ஏசுகிறார், மிரட்டுகிறார். நந்தனுடைய சேரியிலும் அவனுக்கு எதிர்ப்பு உண்டு. பெரிய கிழவன் என்னும் மூத்தவன், நம் குலதெய்வங்கள் இருக்க உனக்கு ஏன் இந்த ஆசை, ஆண்டை கோபித்தால் நாம் அனைவருமல்லவா கெடுவோம் என்னும் கருத்தில் வாதாடுகிறான். ஆகவே மேடையில் மூன்று குரல்கள் மாறி மாறி எழும். மூன்றும் ஒரு தொண்டையிலிருந்தே எழும். அச்சமும் ஆத்திரமும் ஆசையும் ஒரே மனிதரின் முகத்தில் அடுத்தடுத்துத் தோன்றுவதைக் காணும்போது, கேட்பவர் எந்தக் கட்சியையும் எளிதாக வெறுத்துவிட முடியாது. தனியொருவர் மேடையின் பெரிய பலம் இதுவே என்பது நம் கருத்து.

வேதியர் இறுதியில் ஒரு நிபந்தனை விதிக்கிறார். நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். கணக்குப் பார்ப்பதே தொழிலாகிவிட்டமையால் இதையும் நாம் கணக்கிடாமல் இருக்க முடியவில்லை. ஒரு வேலி ஏறத்தாழ 6.66 ஏக்கர். நாற்பது வேலி என்பது 266 ஏக்கருக்கு மேல் ஆகிறது. உழவு, நடவு, களை, அறுப்பு, களத்துவேலை அனைத்துக்கும் ஏக்கருக்கு 30 ஆள் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 8,000 ஆள்வேலை. ஒருவன் ஒருநாளும் ஓயாமல் உழைத்தால் 22 ஆண்டுகள் பிடிக்கும். இது நிபந்தனை அன்று, மறுப்பு. மறுப்பையே அனுமதி போல் சொல்லும் இந்தச் சாதுரியத்தைப் பாரதியார் எங்கும் தேடிப் போகவில்லை. காவிரிப் பாசனத்து ஊர்களில் அன்றாடம் கண்டிருப்பார்.

அடிமை முறையைச் சட்டம் இனி ஏற்காது என்று கும்பினி அரசு விதித்தது 1843-ஆம் ஆண்டில். நந்தனார் சரித்திரம் அச்சேறியது 1860-களின் தொடக்கத்தில். இடையே இருபது ஆண்டு கூட இல்லை. சட்டப் புத்தகத்தில் நீங்கிய அடிமைத்தனம் கடன் என்ற பெயரிலும், குடிமனை என்ற பெயரிலும் பண்ணைகளில் நிலைத்திருந்த காலம் அது. பாரதியாரை ஆதரித்தவர்களோ நிலமும் செல்வமும் உள்ளவர்கள். மிராசுதார்கள் நிறைந்த சபையில், அவர்கள் உதவியால் வாழும் ஒரு கவிஞர், மிராசுதார் ஒருவரைக் கொடியவராகச் சித்திரித்துப் பாடுவது எளிய செயல் அன்று. சபையினர் எழுந்து போகவில்லை. மாறாக விரும்பிக் கேட்டனர். நூலை அச்சிட முன்வந்தவர்களுள் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசே என்பவர் முக்கியமானவர். சீசையா என்று ஊரார் அவரை அழைத்தனர்.

நிலமுடையோரை வென்றதைவிடப் புலவர்களை வெல்வது அவருக்குக் கடினமாயிருந்தது போலும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை சென்றார். நூலில் இலக்கணப் பிழைகள் இருப்பதால் பிள்ளையவர்கள் தட்டிக் கழித்து வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்கையில், பாரதியார் திண்ணையிலமர்ந்து தம் கீர்த்தனையொன்றைப் பாடலானார். கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளையவர்கள் மனமுருகிப் பாயிரம் எழுதித் தந்தார் என்று அவர் மாணாக்கர் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் பதிவு செய்திருக்கிறார். ஐயரும் மாயூரத்தில் பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்றவரே. ஏட்டில் படித்தபோது பிழையாய்த் தெரிந்தது குரலில் கேட்டபோது மறைந்துவிட்டது. காலட்சேபப் பாட்டைத் தாளில் வைத்து எடைபோடுவது, துணியைத் தொட்டுப் பாராமல் சீட்டில் எழுதிய அளவை மட்டும் பார்த்து வாங்குவது போலத்தான்.

இனி, இக்கதையைப் பற்றி நமக்குள்ள ஒரு மனக்குறையையும் மறைக்காமல் சொல்லுகிறோம். நாற்பது வேலியையும் சிவகணங்கள் ஒரே இரவில் விளைவித்துக் கொடுத்துவிடுகின்றன. வேதியர் விடிந்ததும் கண்டு வியந்து, நந்தன் காலில் விழுகிறார். மேடையில் இது பெரிய காட்சி. ஆனால் பாக்கியுள்ள பண்ணையாட்களுக்கு என்ன ஆயிற்று? பெரிய கிழவன் மறுநாள் எந்த வயலுக்குப் போனான்? கதை அதைச் சொல்லவில்லை. நந்தனும் தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே ஏற்கப்படுகிறான். புதுமைப்பித்தனும் இந்திரா பார்த்தசாரதியும் பிற்காலத்தில் நந்தனை வேறு கோணத்தில் எழுதப் புகுந்தது இக்குறையை உணர்ந்ததனாலேயே ஆகும் என்று நினைக்கிறோம்.

உலகில் நடந்தது கணங்களின் வேலையாய் இருக்கவில்லை. துறவியாகிய சகஜானந்தர் சிதம்பரத்திலேயே 1916-இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் நாள். பண்ணையாளைக் கண்டபடி நீக்குவதைத் தடுத்து, வாரத்துக்கும் கூலிக்கும் வரையறை செய்த தஞ்சாவூர்ச் சட்டம் 1952-இல் வந்தது. அதன் பின்னரும், பாரதியார் பிறந்த அதே நாகை வட்டாரத்தில், கூலித் தகராற்றையொட்டி 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் குடிசையொன்றில் 44 பேர் எரிந்து மாண்டனர். நந்தனுக்குக் குளிர்ந்த தீ அவர்களுக்குக் குளிரவில்லை. ஆண்டையின் கோபம் குறித்து மேடையில் பெரிய கிழவன் சொன்ன எச்சரிக்கையை வெறும் கோழைத்தனம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

கதை பின்னர்த் திரைக்கும் போயிற்று. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் பெரும் பேச்சு. 1942-இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தன். செருகளத்தூர் சாமா வேதியர். திரையில் ஆண்டை ஒருவராகவும் ஆள் ஒருவராகவும் பிரிந்துவிட்டனர். பாட்டின் இனிமை குறையவில்லை. ஆனால் ஒரே மனிதர் இருவராகவும் மாறும்போது சபைக்கு ஏற்படும் அந்தக் கூச்சம் திரையில் கிடைக்காது. கச்சேரி மேடைகளிலோ பாரதியாரின் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. அவற்றைக் கோத்திருந்த வசனம் போய்விட்டது. நந்தன் ஏன் அழுகிறான் என்பது தெரியாமலே ராகத்தை ரசித்துவிட்டு எழுந்து போகிறோம்.

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றம், சொற்பொழிவு, பரிசளிப்பு இவற்றோடு ஓர் இரவு நிகழ்ச்சியும் வைக்கும் சங்கங்கள், இம்முறை ஒரு பாகவதரை அழைத்து நந்தனார் சரித்திரத்தை ஏற்பாடு செய்து பார்க்கலாம். காலட்சேபம் நடத்தத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டபடியால் முன்கூட்டியே எழுத வேண்டும். முழுக்கதைக்கு ஓர் இரவு போதாது. ஆதலால் பாகவதர் எதையேனும் விட்டுச் செல்லத்தான் நேரும். சிதம்பரத்து வருணனையை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளட்டும். வேதியரும் நந்தனும் வாதாடும் பகுதியையும், பெரிய கிழவன் பேச்சையும் வசனத்தோடு முழுமையாக நடத்த வேண்டுமென்று கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது. இடம் சங்கக் கட்டடத்தின் முன்புறத் திடலாக இருக்கட்டும். அங்கத்தினர் அல்லாதாரும் வந்து அமர வழியிருக்கும்.